பள்ளிக் கணக்கும் வாழ்க்கைக் கணக்கும்

பள்ளிப் படிப்பை முடித்துப் பிரிந்தவர்கள் இருபது ஆண்டுகள் கழித்து ஒருவரையொருவர் காணும்போது முதலிற் கேட்பது ஒரே கேள்விதான்: "இப்ப என்ன செய்யிறாய்?" கேள்வி எளியது, விடையும் எளியதாகவே தோன்றும். வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர், வங்கி உத்தியோகத்தர், கனடாவில் இருக்கிறார், கட்டாரில் இருக்கிறார் என்று ஒரு சொல்லில் ஒரு வாழ்க்கையை அடக்கிவிடலாம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்காமல் நிற்பவை எவை, அதனால் மறைக்கப்படுபவர் யாவர் என்று சிந்திக்கத் தொடங்கினால், அறம் பற்றிய பெரியதொரு வினா எம்முன் எழுகின்றது. கடந்துபோன வாழ்க்கையை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? அவ்வினாவை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் திருகோணமலைத் துறைமுக நகரிற் படித்தவர்கள். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எங்கள் கரையைத் தாக்கிற்று. அதற்கடுத்த ஆண்டில், அதாவது 2005 இல், க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதினோம். 2025 இல் இருபதாண்டு நிறைவையொட்டிக் கடற்கரையை அண்டிய மண்டபமொன்றில் ஒன்றுகூடினோம். வாட்ஸ்அப் குழுவொன்றின் வழியாகப் பல மாதம் பேசித் திட்டமிட்ட கூட்டம் அது. வெளிநாடுகளிலிருந்தும் சிலர் வந்திருந்தனர். பழைய ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். பின்னர் ஒவ்வொருவராக எழுந்து தத்தம் இருபதாண்டு வாழ்க்கையைச் சுருக்கிச் சொன்னோம்.

அன்று பேசியவர்களை இரு பிரிவினராகக் கொள்ளலாம். வாழ்வில் உயர்ந்தவர்களிற் பெரும்பாலோர், "எல்லாம் கஷ்டப்பட்டுப் படிச்சதாலதான்" என்றார்கள். எண்ணியது கைகூடாதவர்களிற் பெரும்பாலோர், "எல்லாம் தலையெழுத்து" என்றார்கள். வெற்றிக்கு முயற்சியைக் காரணமாகவும் தோல்விக்கு விதியைக் காரணமாகவும் கூறுவது மனித இயல்பு போலும்.

இது புதிய வழக்கன்று. வள்ளுவர் அறத்துப்பாலின் இறுதியில் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரண்டையும் இணக்கிக் காட்டுவதில் அறிஞர் பலர் தலைமுறை தலைமுறையாக முயன்று வந்துள்ளனர். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற காலத்தில் நாமும் அவ்விவாதங்களிற் பங்குபற்றிப் பரிசும் பெற்றதுண்டு. ஆனால் அன்று அம்மண்டபத்தில் அமர்ந்திருந்தபோதுதான் ஓருண்மை புலனாயிற்று. முயற்சியைப் பேசுவோரும் விதியைப் பேசுவோரும் பகைவர் போலத் தோன்றினும் ஒரு விடயத்தில் முற்றாக ஒன்றுபடுகின்றனர். முயற்சி என்றால் *என்* முயற்சி; விதி என்றால் *என்* விதி. தன் வாழ்க்கை தன்னால் ஆயிற்று, அல்லது தன்மேல் எழுதப்பட்டதால் ஆயிற்று. இரு வழக்கிலும் பிறருக்கு இடமில்லை. சமூகம், சட்டம், வரலாறு ஆகிய எதற்கும் அங்கு வேலையில்லை. இஃது உண்மையா என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் முயற்சியை எடுத்துக்கொள்வோம். எங்கள் வகுப்பில் எல்லோரிலும் மிகுதியாக முயன்றவன் யார் என்று இன்று கேட்டாலும் நாங்கள் தயக்கமின்றி ஒருவனையே சுட்டுவோம். அவன் மூதூரான். கொட்டியாரக் குடாவைக் கடந்து லாஞ்சில் வந்து படித்தான். விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படுவான். இருட்டிய பின்னரே திரும்புவான். மாரிகாலத்திற் கடல் கொந்தளித்தால் லாஞ்சு ஓடாது. அந்நாட்களில் இடாப்பில் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று விழும். மறுநாள் வந்து எங்கள் கொப்பிகளை இரவல் பெற்று, தவறிய பாடங்களை இடைவேளையிலேயே எழுதி முடிப்பான். முதன்முறை எழுதியபோது சில புள்ளிகளாற் பல்கலைக்கழக அனுமதியை இழந்தான். மீண்டும் எழுத ஆயத்தமானான். 2006 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மூதூர் போர்க்களமாயிற்று. ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கமாக வெளியேறினர். அவனும் அவர்களோடு நடந்தான். கொப்பிகளை எடுத்துச் செல்ல இயலவில்லை. பரீட்சை அவன் வாழ்விலிருந்து நீங்கிற்று. இன்று மத்திய கிழக்கு நாடொன்றில் வாகனம் ஓட்டுகிறான்.

அவனுக்கு முயற்சி போதவில்லை என்று சொல்ல யாருக்கு நா எழும்? நகரிலேயே வீடிருந்து, மணி அடித்த பின்னர் வகுப்பறைக்குள் ஓடி வந்த எம்மைப் போன்றோர் பட்டம் பெற்றோம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. வேறு பாலங்களும் அமைந்தன. இன்று மூதூர் மாணவர் பேருந்தில் ஏறி நகருக்கு வருகின்றனர். அப்பாலங்கள் சில ஆண்டுகள் முந்தியிருந்தால் அவன் தவறவிட்ட நாட்கள் குறைந்திருக்கும். அந்தச் சில புள்ளிகளும் கிடைத்திருக்கலாம். பாலம் கட்டுவதும் கட்டாமல் விடுவதும் விதியின் செயலன்று. அது வரவு செலவுத் திட்டத்தின் செயல். ஆட்சியாளர் எந்த மக்களை நினைத்தார், எந்த மக்களை மறந்தார் என்பதன் செயல்.

அடுத்து விதியை எடுத்துக்கொள்வோம். விதி என்ற சொல்லுக்கு ஆழிப்பேரலையைவிடப் பொருத்தமான சான்று வேறொன்றிருக்க முடியாது என்று தோன்றும். கடலுக்குப் பகையில்லை, நோக்கமில்லை. ஆயினும் அன்று அலை வந்தபோது கரையோரத்திற் குடிசையமைத்து வாழ்ந்தவர்கள் யார்? வலையும் வள்ளமும் உடைய, அவையும் இல்லாத, கடற்றொழிலாளரே பெரும்பாலோர். மேட்டு நிலத்திற் கல்வீடு கட்டியவர்களைத் தண்ணீர் தொடவில்லை. அலையை அனுப்பியது இயற்கை. யார் எங்கே குடியிருப்பது என்பதைத் தீர்மானித்தது சமூகம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து 'விதி' என்று பெயரிடும்போது முன்னதோடு பின்னதும் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடுகின்றது. விதி என்ற சொல்லின் பயன்பாடு இதுவே: மனிதர் செய்ததை மனிதர் செய்யாததாகக் காட்டுதல்.

எங்கள் தந்தையர், பாட்டனார் தலைமுறைகளை நோக்குமிடத்து இது மேலும் தெளிவாகும். எங்கள் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் போரிட்டனர். 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஆங்கிலேயர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் சீனன்குடாவில் வரிசையாக நிற்கின்றன. துறைமுகத்தின் பெறுமதியை உலகம் நன்கறியும். அதன் கரையில் வாழ்ந்த பிள்ளைகளின் பெறுமதியைக் கணக்கிட்டவர் அரியர். 1957 அக்டோபரில் ஆங்கிலக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தேசிய மானத்தின் வழி நோக்கினால் அது பெருமைக்குரிய நாள். ஆனால் கடற்படைத் தளத்தின் வேலையை நம்பிப் பள்ளியிலிருந்து வெளியேறியவர்கள் அன்று வேறு வழி தேடவேண்டியவர்களாயினர். அதற்கு முந்திய ஆண்டில், 1956 இல், சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. ஆங்கிலத்திலும் தமிழிலும் தேர்ந்திருந்த இளைஞர், ஒரு சட்டமூலம் நிறைவேறிய அளவில், அரச உத்தியோகத்துக்குத் தகுதி குறைந்தவர்களாயினர். நேற்று வரை அவர்கள் பெற்றிருந்த அறிவில் ஓரெழுத்தும் குறையவில்லை. குறைந்தது அதன் விலை மட்டுமே.

1970களில் வந்த தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் இவ்வகையினவே. இங்கு நேர்மையாக ஒன்றைக் கூறவேண்டும். அவ்விதிகள் உயர்ந்த புள்ளி பெற்ற தமிழ் மாணவர் பலருக்குக் கதவடைத்தன. அதே வேளை, மாவட்ட ஒதுக்கீடு திருகோணமலை போன்ற பின்தங்கிய மாவட்டத்தினர் சிலருக்குக் கதவைத் திறந்தும் விட்டது. பின்னர் எங்கள் மாவட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்றவர்களிற் பலரும் அவ்வாறு திறந்த கதவால் நுழைந்தவர்களே. கதவடைபட்டபோது அதை அநீதி என்று சரியாகப் பெயரிட்ட நாம், கதவு திறந்தபோது மட்டும் அதைத் திறமை என்று பெயரிடுகிறோம். இது முறையாகுமா?

இனி, எங்கள் ஒன்றுகூடலிற் பேசப்படாத ஒன்றைப் பேசவேண்டும். 2006 ஜனவரி 2 ஆம் நாள் மாலை, திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகில், எங்கள் வயதையொட்டிய ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுசென்ற குண்டு வெடித்தே இறந்தனர் என்று முதலிற் சொல்லப்பட்டது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தன. அவ்வுண்மையைப் படம் பிடித்து வெளிக்கொணர்ந்த 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். 2013 இல் விசேட அதிரடிப் படையினர் உட்படப் 13 பேர் கைது செய்யப்பட்டனர். 2019 ஜூலையில், போதிய சான்று இல்லையெனத் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கொன்றவர் எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை.

அக்காலத்தில் நாங்களும் பரீட்சை எழுதி முடித்து அடுத்தது என்னவென்று காத்திருந்தவர்கள். பொழுது சாயும் வேளையில் அக்கடற்கரைக்குச் சென்று மதிற்கட்டில் அமர்ந்து கடலை கொறித்துக் கதைத்திருப்பது எங்கள் எல்லோரதும் வழக்கம். ஊர் இளைஞருக்கு வேறு போக்கிடமும் இல்லை. அன்று மாலை எங்களிற் சிலர் போகவில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல். இன்னொருவனை வீட்டிற் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொருவனிடம் சைக்கிள் இல்லை. காய்ச்சல் ஒரு முயற்சியா? சைக்கிள் இல்லாமை ஒரு தகுதியா? இருபதாண்டு கழித்து மண்டபத்தில் எழுந்து நின்று "கஷ்டப்பட்டு முன்னேறினேன்" என்று சொல்வதற்கு, முதலில் அன்று மாலை உயிரோடு இருக்கவேண்டியிருந்தது. அந்த உயிரை நாங்கள் உழைத்துப் பெறவில்லை.

கூட்டத்தின் தொடக்கத்தில் மறைந்த ஆசிரியர்களுக்காக மௌனம் கடைப்பிடித்தோம். அப்போது ஒருவன் அந்த ஐவரையும் நினைவுகூரலாமே என்று மெல்லிய குரலிற் சொன்னான். இன்னொருவன் அருகில் வந்து, "அதெல்லாம் இப்ப வேண்டாமே, மச்சான். படமெல்லாம் பேஸ்புக்கில போகும். சந்தோசமான நாள்" என்றான். அவன் கெட்டவனல்லன், குடும்பமும் உத்தியோகமும் உள்ளவன், அச்சத்தோடு வளர்ந்தவன். நாம் அவனை மறுத்துப் பேசவில்லை. மண்டபத்தில் எவரும் பேசவில்லை. அடுத்து பாட்டு ஒலித்தது. அந்த மௌனத்துக்கு நாமும் பொறுப்பாளி என்பதை இங்கு ஒப்புக்கொள்கிறோம்.

இவ்விடத்தில் வாசகர் ஒரு தடை எழுப்பலாம். "உயிர் தப்பியது குற்றமா? படித்து முன்னேறியது பாவமா? தப்பியவர்களெல்லாம் வாழ்நாள் முழுதும் தலைகுனிந்து திரியவேண்டுமா?" இது நியாயமான தடை. எமது விடை: தப்பியது குற்றமன்று, ஆனால் தப்பியதைத் தகுதியாகக் கொள்வது தவறு. குற்றமும் கடனும் வேறு வேறு. குற்றம் செய்தவனைச் சேரும். கடனோ பெற்றவனைச் சேரும். நாங்கள் குற்றவாளிகளல்லர். நாங்கள் கடனாளிகள்.

யாருக்குக் கடன்? 1945 அக்டோபரில், கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை நாங்கள் கட்டணமின்றிப் படித்தோம். கட்டணம் இல்லை என்றால் செலவு இல்லை என்று பொருளன்று. அதை வேறு யாரோ கட்டினார்கள் என்பதே பொருள். கடற்றொழிலாளி வாங்கிய மண்ணெண்ணெயின் வரியிலும், கந்தளாய் விவசாயி வாங்கிய சீனியின் வரியிலும் எங்கள் வகுப்பறைகள் நின்றன. நாட்டுக்கு நெடுங்காலம் அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர் மலையகத் தோட்டத் தொழிலாளர். அவர்களிற் பெரும்பாலோரின் குடியுரிமை 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பறிக்கப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகள் படித்த தோட்டப் பாடசாலைகள் 1970கள் வரை தேசியக் கல்வி அமைப்பின் புறத்தே கிடந்தன. தம் பிள்ளைகளுக்குக் கிட்டாத கல்விக்கு அவர்கள் பணம் கட்டினார்கள். அதன் பயனை எங்கள் முன்னோரும் அவர் வழியே நாங்களும் பெற்றோம். பட்டம் என்பது தனியொருவர் பெயரில் எழுதப்படுகிறது. அதன் விலை பலர் பெயரிற் செலுத்தப்படுகிறது. இவ்வுண்மையை அறிந்த பின்னர் "என் முயற்சி" என்று மட்டும் சொல்வது அரைக் கணக்கு எழுதுவதாகும்.

அரைக் கணக்கால் விளையும் கேடு சிறியதன்று. என் உயர்வுக்கு என் முயற்சியே காரணம் என்று நம்புபவன், பிறன் தாழ்வுக்கும் அவனது முயலாமையே காரணம் என்று நம்பத் தொடங்குகிறான். நன்றி மறதியில் தொடங்கி இகழ்ச்சியில் முடியும் பாதை இது. ஆசிரியத் தொழிலில் இதனை அன்றாடம் காண்கிறோம். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மாணவர் வகுப்பறைக்கு வந்து, "முயன்றால் முடியாதது ஒன்றுமில்லை, என்னைப் பாருங்கள்" என்று நல்லெண்ணத்தோடு பேசுவார். பிள்ளைகள் கைதட்டுவர். கடைசி வாங்கில் ஒரு மாணவி இருப்பாள். தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். தந்தை கடலுக்குப் போகிறார். தம்பிமார் இருவரைப் பள்ளிக்கு அனுப்பிய பின்னரே அவள் வரமுடியும். அந்தப் பேச்சிலிருந்து அவள் விளங்கிக்கொள்வது என்ன? தன் தோல்வி தன் குற்றம் என்பதே. பிறரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நாமும் அப்பேச்சைப் பல ஆண்டுகள் பேசியிருக்கிறோம். காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியின் முன் நின்று பேசியிருக்கிறோம்.

முயற்சி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. முயலாதவனுக்குத் திறந்த கதவாலும் பயனில்லை. அந்த மாணவியிடமும் படி என்றே சொல்லவேண்டும். ஆனால் அத்துடன் அவளுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும்: உன் வழியிற் கிடக்கும் கல்லை நீ வைக்கவில்லை, அதை அகற்றும் பொறுப்பு உனக்கு மட்டுமன்று, எமக்கும் உண்டு. இதைச் சொல்லாத அறிவுரை கொடுமை.

தமிழில் 'நாங்கள்', 'நாம்' என்று இரு சொற்கள் உண்டு. முன்னது கேட்பவரை நீக்கிச் சொல்வது. பின்னது அவரையும் உள்ளடக்கிச் சொல்வது. எங்கள் ஒன்றுகூடலின் பதாகையில் '2005 உயர்தர அணி' என்று பொறித்திருந்தோம். 'நாங்கள்' என்று பெருமையோடு சொல்லிக்கொண்டோம். ஆனால் முதலாம் வகுப்பில் எங்களோடு அமர்ந்தவர்களிற் பலர் அந்த 'நாங்களில்' இல்லை. சாதாரண தரத்தோடு நின்று துறைமுகத்திலும் மாவாலையிலும் கூலியானவர்கள், இளவயதில் மணம்முடித்த பெண்கள், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பாதவர்கள் எவருக்கும் அழைப்புச் செல்லவில்லை. மண்டபத்துக்கு வெளியே, நாங்கள் வந்த வாகனங்களை ஒழுங்குபடுத்தி நிறுத்தியவர் ஐந்தாம் வகுப்பில் எங்கள் அருகிலிருந்து படித்தவர். அவரே எம்மை அடையாளம் கண்டு, "சேர், சுகமா?" என்றார். ஒரே வாங்கிலிருந்து படித்தவரை அவர் 'சேர்' என்றழைக்க நேர்ந்ததே, எங்கள் இருபதாண்டு முன்னேற்றத்தின் மறுபக்கம்.

கூட்டம் முடிந்த மறுநாள் வகுப்பில் வரவு இடாப்பைத் திறந்தோம். பெயர்களை வாசிக்கும்போது இடையிடையே சிவப்பு மையாற் கோடிடப்பட்ட பெயர்கள் வந்தன. விலகியவர்கள். வழக்கமாக அப்பெயர்களைத் தாண்டி வாசிப்போம். அன்று தாண்ட மனம் வரவில்லை. ஒவ்வொரு பெயரையும் வாசித்து, "இவர் எங்கே?" என்று பிள்ளைகளைக் கேட்டோம். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "கராச்சில வேலை செய்யிறான், சேர்." "அவட அம்மாவுக்குச் சுகமில்ல, சேர்." பிள்ளைகள் மறக்கவில்லை, இடாப்பு மட்டுமே மறந்திருந்தது. இருவரின் வீடுகளுக்குப் போனோம். ஒருவன் திரும்பி வந்திருக்கிறான். மற்றவன் வரவில்லை. இதைச் சாதனையாகச் சொல்லவில்லை; இருபதாண்டு தாமதமாகத் தொடங்கிய ஒரு கடமையாகச் சொல்கிறோம்.

திரும்பிப் பார்த்தல் நல்லது. ஆனால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பது போலத் திரும்பிப் பார்த்தால் தன்னையன்றி வேறெதுவும் தெரியாது. வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பவனுக்கே தன்னோடு புறப்பட்டவர்களும், இடையில் விழுந்தவர்களும், விழுத்தப்பட்டவர்களும், தோள் கொடுத்தவர்களும் தெரிவர். ஆகவே அன்பர்களே, அடுத்த முறை பழைய மாணவர் கூடும்போது "என்ன ஆனாய்?" என்ற கேள்வியோடு நின்றுவிடாதிருப்போம். "யாரால் ஆனோம்? யார் ஆகமுடியாமற் போனார்? ஏன்?" என்றும் கேட்போம். முதலாம் வகுப்பு இடாப்பைத் தேடியெடுத்து, அதிலுள்ள அனைவருக்கும் அழைப்பு அனுப்புவோம். கொல்லப்பட்ட ஐவரின் பெயர்களை உரத்து வாசிப்போம். படம் பேஸ்புக்கில் வந்தால் வரட்டும்.